பூங்காவனத்தின் இடது காது

"குடும்பத்தோடு கண்டு களியுங்கள்" என்று போட்ட சுவரொட்டியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. சும்மா சொல்லவில்லை. ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் வயலை ஒட்டிப் போட்டிருந்த டெண்ட் சினிமாக் கொட்டாயில் சோடா, கலர், முறுக்கு விற்றுப் பிழைத்தவன் நான். மற்றவர்கள் ஒரு படத்தை ஒரு தடவை பார்ப்பார்கள், அழுவார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் அதே படத்தை, படப்பெட்டி ஊரைவிட்டுக் கிளம்புகிற வரைக்கும், தினம் இரண்டு ஆட்டம் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் எந்தப் படத்தின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

எழுபதுகளில் பழைய கதைகளைப் பாட்டுப்படமாக எடுத்துத் தள்ளுகிற கம்பெனிகள் இருந்தன. கதை ராஜா காலத்துக் கதை. ஆனால் குழந்தைகள் சிரிக்க வேண்டுமே, அதற்காக ஒரு குரங்கு வந்து சைக்கிள் ஓட்டும். பெண்கள் அழ வேண்டுமே, அதற்காக ராணி தூணைக் கட்டிக்கொண்டு பாடுவாள். ஆண்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடக் கூடாதே, அதற்காக அரண்மனையில் ஒரு நாட்டியம். திரையில் சாமி வந்தால் கொட்டாய்க்காரர் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டு, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார். தட்டில் விழுகிற சில்லறை அவர் ஜேபிக்குப் போகும். பக்தியோடு செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த ஜனங்களில் சிலர், போகும்போது அதைவிட நல்ல செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போவார்கள். இதற்குப் பெயர் குடும்பப்படம்.

என் வியாபாரத்துக்கு அது நல்லதுதான். அழுத ஜனங்களுக்குத் தாகம் எடுக்கும். சண்டைப் படம் ஓடினால் விற்காத கலர் இந்தப் படங்களில் விற்றுவிடும். அந்தக் காசில்தான் சோறு தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் எனக்கு அருவருப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது. அதன் பேரைச் சொல்லி வாயை அசிங்கப்படுத்திக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கத்துக் கூத்துக்கதை அது. பூக்காரி ராணி கதை என்போம். என் அப்பா சடையப்பன் கலசப்பாக்கத்துப் பக்கத்து ஊர்களில் அந்தக் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர். மந்திரி பேச்சைக் கேட்டு ராஜா, ராணியை அடித்துக் கோட்டைக்கு வெளியே துரத்திவிடுகிறான். அவள் மதில் ஓரத்தில் குடிசை போட்டுப் பூக்கட்டி விற்றுப் பிழைக்கிறாள். வருஷங்கள் கழித்து ராஜாவுக்குப் புத்தி வருகிறது. கால்நடையாக நடந்து வந்து கதவுக்கு முன்னால் நிற்கிறான், அழுகிறான், பாடுகிறான். ராணி வெளியே வருகிறாள். அவன் கையில் ஒரு முழம் பூவைக் கொடுக்கிறாள், பூவுக்கு உண்டான காசை வாங்கிக்கொள்கிறாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான் கூத்து. விடிகிறவரைக்கும் ராஜா கதவுக்கு வெளியே நிற்பான். என் அப்பா முகத்தில் அரிதாரம் வழிய நின்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சினிமாக் கம்பெனி இதை எடுத்தது. கதவைச் சாத்தினால் குடும்பங்கள் மனசு கஷ்டப்பட்டு வீட்டுக்குப் போகுமாம். அதனால் ராஜா மண்டியிட்டு ஒரு பாட்டுப் பாடுகிறான். பாட்டு முடிந்ததும் ராணி ஓடி வந்து காலில் விழுகிறாள். யார் காலில் யார் விழ வேண்டும் என்று கூடக் கம்பெனிக்குத் தெரியவில்லை. குடிசை இருந்த இடத்தில் நீரூற்று முளைக்கிறது. பெண்கள் சுற்றி நின்று ஆடுகிறார்கள். குரங்கு பூ தூவுகிறது. எமர்ஜென்சி முடிந்த வருஷம் அந்தப் படம் எங்கள் கொட்டாய்க்கு வந்தது. அதில்தான் பூங்காவனம் மாட்டிக்கொண்டாள்.

பூங்காவனம் எங்கள் தெருக்காரி. நெசவுக்காரக் குடும்பம். பிறந்தது கலசப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா போன பிறகு அம்மா கன்னியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு சேவூருக்கு வந்து தறி போட்டுப் பிழைத்தாள். சின்ன வயதில் பூங்காவனம் எங்கள் அப்பா கூத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். மற்றப் பிள்ளைகள் பாதியிலேயே தூங்கிவிடும், இவள் கதவு சாத்துகிற வரைக்கும் கண்ணை மூட மாட்டாள். தெருவில் பெண் பிள்ளைகள் அந்தக் கதையை விளையாடும்போது இவள்தான் ராணி. வேறு யாரையும் கதவைச் சாத்த விட மாட்டாளாம். கன்னியம்மா சொல்லிச் சிரிப்பாள்.

ஆரணி டவுனில் பச்சையப்பனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல நெசவுக்காரன், குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். மாப்பிள்ளை தங்கம் என்றார்கள். தறியில் உட்கார்ந்தால் சினிமாப் பாட்டுத்தான் பாடுவான். நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடுகிற வேகத்துக்குப் பாட்டை இழுத்துப் பாடுவான். அதுவும் இந்தக் குடும்பப்படப் பாட்டுக்கள் என்றால் உயிர். ஒரு பாட்டுப்படத்தையும் விட மாட்டான், டவுனில் பார்த்தது போதாமல் எங்கள் கொட்டாய்க்கும் நடந்து வந்து பார்ப்பான். ராணி அழுதால் இவனும் அழுவான். துண்டு நனைந்துவிடும். என்னிடம் இரண்டு கலர் வாங்கிக் குடித்துவிட்டு, "பொம்பளைங்கள எப்படிக் கஷ்டப்படுத்தறானுங்க பாருங்கணா" என்று சொல்லிக்கொண்டு போவான். வீட்டுக்குப் போய்ப் பூங்காவனத்தை அடிப்பான்.

குடித்துவிட்டு அடிக்கிறவனைப் பற்றி ஜனங்கள் பேசுவார்கள். தெளிவாக இருந்து அடிக்கிறவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அவனுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். சோறு குழைந்தது ஒரு காரணம், இழை அறுந்தது ஒரு காரணம். ஒரு நாள் அவன் தறியில் உட்கார்ந்து உருக்கமாக ஒரு பாட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது, "சோறு ஆறுதுங்க" என்று இவள் குறுக்கே சொல்லிவிட்டாள். எழுந்து வந்து இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டான். ரவிக்கைத் தோளில் ரத்தம் சொட்டியது. பெரியாஸ்பத்திரியில் தறிக்குழியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். காதுக்குள் சவ்வு கிழிந்துபோச்சு, அந்தப் பக்கம் இனிமேல் கேட்காது என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் பச்சையப்பன் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தான் என்று அவளே என்னிடம் பிற்பாடு சொன்னாள். எனக்கு அந்த அடியைவிட இதுதான் அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் அங்கேதான் இருந்தாள். வேறொரு நாள் அவன் வலது கையை விட்டு இடது கையை ஓங்கினான். அந்தக் கை இறங்கினால் விழுகிற இடம் வலது காது. பூங்காவனம் குனிந்து, வாசலைத் தாண்டி, அப்படியே சேவூருக்கு நடந்து வந்துவிட்டாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. "இருக்கறது ஒண்ணுதாம்மா, அதையாவது வெச்சிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அம்மா வீட்டுத் தறியில் உட்கார்ந்தாள். தெருவுக்கே அவள் எந்தப் பக்கம் கேட்பாள் என்று தெரியும். கடைக்காரன் வலது பக்கம் வந்து பேசுவான். கறிகாய்க்காரி வலது பக்கம் வந்து கூவுவாள். நானே இடது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, அவள் திரும்பாததைப் பார்த்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு எந்தக் காது கேட்கும் என்று தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை.

பச்சையப்பனுக்குச் சமைக்க ஆள் இல்லை, அறுந்த இழையை முடிய ஆள் இல்லை. பெண்டாட்டியை அனுப்பச் சொல்லி நாட்டாமைக்காரர் குப்புராஜிடம் போய் நின்றான். குப்புராஜ் வேறு தெருக்காரர், சேவூர் நெசவுக்காரர்களுக்கு நாட்டாமை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பட்டு கொடுக்கிற முதலாளிகள் அந்த வீட்டுக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூல் கொடுக்க மாட்டார்கள். பாவு வராவிட்டால் தறி வெறும் கட்டை. கன்னியம்மாவும் பூங்காவனமும் பட்டினிதான். போனால் காது போகும், போகாவிட்டால் சோறு போகும் என்கிற இடத்தில் வந்து நின்றது விஷயம்.

குப்புராஜ் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பேஜார். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். அவர் சினிமாப் பைத்தியம். பாட்டுப்படம் வந்தால் சேர் டிக்கெட்டில் முதல் ஆளாக உட்காருவார். புருஷன் பெண்டாட்டிச் சண்டையைப் பேசித் தீர்ப்பதைவிட படத்துக்கு அனுப்பித் தீர்ப்பது சுலபம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. "ரெண்டு பேரும் போய் படத்தைப் பாருங்க, அப்புறம் என்னாண்ட வந்து பேசுங்க" என்பார். இரண்டு மூன்று ஜோடிகள் படம் பார்த்துவிட்டு அழுது சேர்ந்துகொண்டன. சேர்ந்த பிறகு அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. தன்னுடைய தீர்ப்பைவிட சினிமாத் தீர்ப்பு உசத்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மன் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து கூடியது. நான் அங்கே இல்லை, கன்னியம்மா பிறகு சொன்னதுதான். "பூக்காரி ராணி படம் வந்துகீது. அவ பட்ட கஷ்டத்தைவிடவா நீ பட்டுட்ட? அந்த ராணி கடைசியில இன்னா பண்றாளோ, அதையே நீயும் பண்ணு. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாராம் குப்புராஜ்.

பூங்காவனம் தலை நிமிர்ந்தாளாம். "ராணி பண்றதையே பண்ணலாமாங்க?" என்று மறுபடியும் கேட்டாளாம். "அதான் சொன்னேனே" என்றிருக்கிறார் இவர். அவள் உடனே எழுந்து போய்த் தட்டிலிருந்து பாக்கை எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தட்டிலிருந்து பாக்கு எடுத்தால் சத்தியம் பண்ணியதற்குச் சமம். அப்புறம் மீற முடியாது. மீறினால் தெருவில் யாரும் நெருப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

நாட்டாமைக்கு ஒரே சந்தோஷம். அவர் சினிமாவில் பார்த்த ராணியை நினைத்துச் சொன்னார். இவள் கூத்தில் பார்த்த ராணியை நினைத்துப் பாக்கு எடுத்தாள். கதை ஒன்றுதானே, முடிவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். ஒரு கதவைக் கூடச் சாத்த விடாத கம்பெனிக்காரர்களைப் பற்றி பூங்காவனத்துக்கு எப்படித் தெரியும்? அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் ஆட்டத்துக்கு வந்தார்கள். எங்கள் கொட்டாயில் தரை டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் குட்டைச் சுவர். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் சேர் வரிசைக்குத்தான் போக வேண்டும். நாட்டாமை சேர் வரிசையை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். கன்னியம்மா முதலில், அவளுக்கு அடுத்துப் பூங்காவனம், அவளுக்கு இடது பக்கம் பச்சையப்பன். பின் வரிசையில் நாட்டாமை, மடியில் வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ வைத்த தட்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போட வேண்டும், கொட்டாய் ஜனம் எல்லாம் பார்க்க சேர்ந்துகொண்டதற்கு அடையாளமாக அவள் பச்சையப்பன் கையிலிருந்து பாக்கு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற மாதிரி இதையும் ஒரு காட்சியாக்கிவிட்டார்கள். கொட்டாய்க்காரர் அதைத் தெருவில் சொல்லியே டிக்கெட் விற்றார்.

எனக்கு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. அதுவும் அரைகுறையாக. அவளைப் பார்த்தேன். பயப்படுகிற முகமே இல்லை. நல்ல சேலை கட்டி, தலை வாரி, கொஞ்சம் மிடுக்காகவே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டுப் படம் பார்க்க வந்தவள் முகம் அது. எனக்குப் புரியவில்லை.

இடைவேளையில் பச்சையப்பன் பீடிக்கு வெளியே போனான். நான் கலர் பாட்டில்களோடு சேர் வரிசைக்குப் போனேன். கன்னியம்மாவைத் தாண்டி, வலது பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

"இன்னாம்மா, இந்தப் படத்துக்குப் போயி பாக்கு எடுத்தியாமே?"

"ராணி பண்றதத்தான பண்ணச் சொன்னாங்க" என்றாள். "உங்க அப்பா வாசல்ல நின்னத நான் பாக்காததா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையில் இருந்த பாட்டிலை வைத்துவிட்டேன்.

"அது கூத்து. இதுல வேற மாதிரி."

"வேற மாதிரின்னா?"

"ராஜா பாடுவான். அது காதுல விழுந்ததும் இவ ஓடி வந்து கால்ல விழுவா."

"கதவு?"

"கதவே கிடையாதும்மா. நீரூத்துதான்."

 கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கதையை மாத்த இவனுங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள்.  எந்தக் கம்பெனிக்காரன் ஆரணியில் வந்து கேட்டுவிட்டு எடுத்தான்? மணி அடித்தது. பச்சையப்பன் பீடி நாற்றத்தோடு வந்து உட்கார்ந்தான். பூங்காவனம் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். மிடுக்கு போய்விட்டது.

அதற்கப்புறம் நான் வியாபாரம் பார்க்கவில்லை. சேர் வரிசைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கு சைக்கிள் ஓட்டியது. ஜனங்கள் சிரித்தார்கள். ராணி தூணைக் கட்டிக்கொண்டு பாடினாள். பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம். கடைசியில் ராஜா கால்நடையாகப் புறப்பட்டதும் பச்சையப்பனுக்கு அழுகை பிடித்துக்கொண்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அப்புறம் பூங்காவனம் பக்கம் சாய்ந்து, அவள் காதுக்கு அருகில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தான்.

என்ன பேசினான் என்று எனக்குக் கேட்டது, நான் அவன் பக்கத்தில்தானே நின்றேன். தப்புப் பண்ணிட்டேன் என்றான். மன்னிச்சிடு என்றான். இனிமே கை ஓங்க மாட்டேன், அம்மன் மேல சத்தியம் என்றான். ராஜா திரையில் ஒரு அடி பாடினால் இவன் கீழே ஒரு வாக்கியம் சொல்வான். நடு நடுவே பாட்டையும் கூடவே பாடினான். நடித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணீர் நிஜம். அந்த நேரத்துக்கு அவன் சொன்னதும் நிஜம்தான் என்று தோன்றியது. பின்வரிசையில் நாட்டாமை அதைப் பார்த்துவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பச்சையப்பன் பேசினது அத்தனையும் அவளுடைய இடது காதில். பூங்காவனம் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு கழுத்தில் பட்டிருக்கும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

 மேலே ஒருத்தன் பொய்யாகப் பாடுகிறான், கீழே ஒருத்தன் மெய்யாக அழுகிறான், அதில் எதுவுமே அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேரவில்லை, கொட்டாய் முழுக்க உருகுகிறது.

ராணி ஓடி வந்து காலில் விழுந்தாள். படம் நின்றது. விளக்கு எரிந்தது. நாட்டாமை தட்டோடு எழுந்து முன்னால் வந்தார்.

"எல்லாரும் பாத்துட்டீங்க. ராணி போனா. நீயும் போவணும் பூங்காவனம். பாக்கு எடுத்தவ நீ."

பச்சையப்பன் எழுந்து தட்டை வாங்கி நீட்டினான்.  பூங்காவனம் எழுந்தாள், தட்டைப் பார்த்தாள், தொடவில்லை.

"ராணி எதுக்கு வந்தாங்க?" என்றாள் நாட்டாமையிடம்.

"ராஜா மன்னிப்புக் கேட்டுப் பாடினான். மனசு எளகி வந்தா."

"அவரு பாடினது அந்தம்மா காதுல விழுந்துச்சு, வந்தாங்க. ராணி பண்றதத்தான் பண்றேன்னு பாக்கு எடுத்தேன், இல்லேங்கல. ஆனா எனக்கு ஒண்ணுமே காதுல விழலீங்களே."

நாட்டாமைக்குக் கோபம் வந்தது. "இன்னா பேசற? இவ்ளோ நேரம் உன் காதாண்ட வாய வெச்சிக்கினு அழுதானே, கொட்டாயே பாத்துச்சு. அத்தினி பேரும் பொய் சொல்றாங்களா?"

"யாரும் பொய் சொல்ல வாணாம். எந்தக் காதுல சொன்னாருன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

கன்னியம்மா விசும்பினாள். முன்வரிசைத் தரை டிக்கெட்டில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். நாட்டாமை பச்சையப்பனைப் பார்த்தார். "இவளுக்குக் காதுல இன்னாப்பா கோளாறு? சொல்லேன்" என்றார்.

பச்சையப்பன் அவள் முகத்தின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான். எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயத்தை அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அப்புறம் சொன்னான்.

"ஒரு தபா கோவத்துல அடிச்சிட்டேங்க. அது எந்தக் காதுன்னு ஞாபகம் இல்லீங்க."

ஞாபகம் இல்லை என்பதை ஒரு சமாதானம் மாதிரியே சொன்னான். வேண்டுமென்று அந்தக் காதில் பேசவில்லை, தெரியாமல்தான் பேசினேன், அதனால் தப்பு இல்லை என்று அவன் கணக்கு. முகத்தில் இன்னும் கண்ணீர் காயவில்லை.

 நாட்டாமை அவன் கையிலிருந்த தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "போம்மா" என்றார் பூங்காவனத்தைப் பார்த்து. எங்கே என்று சொல்லவில்லை. அவள் கன்னியம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அதோடு ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அவள் வாசலைத் தாண்டுவதற்குள், "படத்தப் போடுங்கய்யா, நீரூத்து டான்ஸ் பாக்கி கீது" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் கத்தினான். பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி, "புருஷன் இத்தினி பேரு முன்னால அழறான், கல்லு மனசுக்காரி" என்றாள். பூங்காவனத்தின் காது கதையை அறிந்த தெருப் பெண்கள்கூட வாயைத் திறக்கவில்லை. விளக்கு அணைந்தது. நீரூற்று பொங்கியது, குரங்கு பூ தூவியது, ஜனங்கள் கை தட்டினார்கள். பச்சையப்பன் முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனான். போகும்போது என்னிடம் கலர் கேட்டான். தீர்ந்துவிட்டது என்றேன். கலர் பெட்டி நிறைய இருந்தது.

நாட்டாமை அந்த வழக்கைத் திரும்ப எடுக்கவில்லை. தீர்ப்பும் சொல்லவில்லை, தடையும் போடவில்லை. தடை இல்லாததால் முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்தவில்லை. அது ஒன்று போதும் என்று பூங்காவனம் நெய்தாள். ஜோடிகளைப் படத்துக்கு அனுப்புகிற பழக்கத்தை மட்டும் நாட்டாமை விட்டுவிட்டார். தெருவில் கொஞ்ச நாள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். கல்யாண வீட்டில் மஞ்சள் அரைக்கக் கூப்பிடவில்லை. அவளும் போய் நிற்கவில்லை. பச்சையப்பன் டவுனில் தனியாகவே இருந்தான். இன்னும் பாடிக்கொண்டுதான் நெய்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

எண்பதுகளில் எங்கள் கொட்டாயைப் பிரித்துவிட்டார்கள். எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் கடை போட்டேன். தெருவில் வசதிப்பட்டவர் ஒருவர் டிவி வாங்கி, வீட்டு மேலே தென்னை உயரத்துக்கு ஆன்டெனாக் கம்பி நட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டால் தெருவே அங்கே போய் உட்காரும். சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். டிவி இல்லாத வீட்டுக்காரர்களும் கேட்டுப் புண்ணியம் அடைய வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். கடையை மூடிவிட்டு வந்த எனக்குத் தெரு முனையிலேயே பாட்டு கேட்டது. டிவிக்காரர் வீடு பூங்காவனம் வீட்டுக்கு நேர் எதிரே. அவளுக்கு எப்படி இருக்குமோ என்று நினைத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். தெருப் பெண்கள் டிவிக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அதே பெண்கள்தான், கொஞ்சம் நரைத்திருந்தார்கள். பூங்காவனம் வீட்டு வாசல்படியில் கன்னியம்மா தனியாக உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது.

"பூங்காவனம் எங்க?" என்றேன்.

"உள்ள தூங்கறாப்பா. இந்தப் படம்னு தெரிஞ்சதும் கதவச் சாத்திகினு, நல்ல காதத் தலகாணில வெச்சிப் படுத்துட்டா."

எதிர் வீட்டில் ராஜா மண்டியிட்டுப் பாடிக்கொண்டிருந்தான். தெரு முழுக்கக் கேட்டது.

"எழுப்பட்டுமா?" என்றாள் கன்னியம்மா.

"வாணாம்மா" என்றேன். "அவன் பாடட்டும்."